சமய பாடத்தில் நம் ஊருக்கும் ஓர் இடம்: பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

அன்பான பெற்றோர்களுக்கும் பாதுகாவலர்களுக்கும்,

அடுத்த தவணையிலிருந்து தரம் 6 முதல் 9 வரையான வகுப்புகளில், சமய பாடத்தோடு நம் வன்னிப் பகுதியின் கோயில்கள், தேவாலயங்கள், பள்ளிவாசல்கள் பற்றிய ஒரு பகுதியையும் சேர்க்க எண்ணியிருக்கிறோம். அதில் என்ன இருக்க வேண்டும் என்பதை நீங்களும் எங்களோடு உட்கார்ந்து தீர்மானிக்க வேண்டும். இதைப் பற்றி ஊருக்குள் ஏற்கெனவே பல மாதிரிக் கதை அடிபடுவதால், நானே எழுதிவிடுவது நல்லது என்று நினைத்தேன்.

முதலில், மாறாதவற்றைச் சொல்லிவிடுகிறேன். பாடநூல் மாறாது, தேசிய கல்வி நிறுவகத்தின் பாடத்திட்டமும் மாறாது. சைவப் பிள்ளைகள் சைவநெறியும், கத்தோலிக்கப் பிள்ளைகள் கத்தோலிக்க சமயமும், மற்றக் கிறிஸ்தவ சபைகளின் பிள்ளைகள் கிறிஸ்தவமும், முஸ்லிம் பிள்ளைகள் இஸ்லாமும் இப்போது போலவே தனித்தனியாகப் படிப்பார்கள். சாதாரண தரப் பரீட்சையில் சமயம் கட்டாய பாடம். அதில் கைவைக்க எங்களுக்கு அதிகாரமும் இல்லை, விருப்பமும் இல்லை.

பிறகு ஏன் இந்த வேலை என்று கேட்பீர்கள். மட்டக்களப்புப் பிள்ளைக்கும் நுவரெலியாப் பிள்ளைக்கும் நம் பிள்ளைக்கும் ஒரே புத்தகம். நாடு முழுவதுக்கும் எழுதுகிற புத்தகத்தில் ஒவ்வோர் ஊருக்கும் இடம் கொடுக்க முடியாது, அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்கு வருடம் தவறாமல் போய்வரும் பிள்ளையிடம், அந்தப் பொங்கலின் தொடக்கச் சடங்கான பாக்குத்தெண்டல் என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். பல பேர் முழிக்கிறார்கள். முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்து, அதை முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலுக்குக் கொண்டுபோய், அந்த உப்புநீரிலேயே விளக்கெரிப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். படையலுக்கான மடைப்பண்டம் அங்கிருந்து வற்றாப்பளைக்குப் போவதும் தெரியும். ஆனால் மதுரையை எரித்த கண்ணகி நந்திக்கடலோரத்துக்கு ஏன் வந்தாள், மாடு மேய்த்த சிறுவர்களுக்கும் அந்த விளக்குக்கும் என்ன தொடர்பு என்ற கதை வீட்டுக் கிழவிகளோடு நின்றுபோய்விட்டது. இடப்பெயர்வுகளில் கதை சொல்ல ஆறுதலான ஒரு திண்ணை எவருக்கும் கிடைக்கவில்லைதானே.

குளக்கட்டு ஐயனாரும் அப்படித்தான். விதைப்புக்கு முன்னும் வெட்டுக்குப் பின்னும் அங்கே பொங்குவதும், மரத்தடியில் நட்ட சூலத்தை வைரவராகக் கும்பிடுவதும் வன்னி மக்களின் சமயம். இப்போது பல இடங்களில் மரத்தடி போய்க் கோபுரம் வந்துவிட்டது. கோபுரம் கட்டுவது அந்தந்த ஊர்க்காரரின் விருப்பம், அதில் நான் தலையிடவில்லை. ஆனால் ஆகம முறைப் பூசைதான் சமயம், பூசாரியார் வைக்கும் மடை ஏதோ குறைந்தது என்ற எண்ணம் பிள்ளைகளிடம் வளர்வதை வகுப்பறைக்குள் நாங்கள் பார்க்கிறோம். அது எனக்குப் பிடிக்கவில்லை. தங்கள் பாட்டனின் வழிபாட்டை நினைத்துக் கூச்சப்படும் பிள்ளைக்குத் திருமுறையைப் பாடமாக்கி என்ன பயன்?

அடுத்தது அயலவர் விடயம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். புத்தளத்தில் அவர்களுடைய ஒரு தலைமுறை வளர்ந்தது. இங்கே அவர்களை அறியாத ஒரு தலைமுறை வளர்ந்தது. தண்ணீரூற்று, நீராவிப்பிட்டிப் பக்கங்களில் மீண்டும் குடும்பங்கள் வந்திருக்கின்றன, சில பிள்ளைகள் நம் பாடசாலையிலும் படிக்கிறார்கள். ஆனால் அவர்களோடு ஒரே வாங்கில் இருக்கும் பிள்ளைக்கு நோன்பு ஏன் பிடிக்கிறார்கள் என்று தெரியாது, கேட்கவும் தயக்கம். மடு மாதா தேவாலயத்துக்குச் சைவர்களும் வண்டி கட்டிக்கொண்டு போய்த் தங்கிய வழக்கம் உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். ஒல்லாந்தர் காலத்தில் மாந்தையிலிருந்து காட்டுக்குள் கொண்டுவரப்பட்ட மாதா சொரூபம், 2008இல் சண்டை நெருங்கியபோது தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்ததையும் பலர் அறிவீர்கள். மாதாவும் நம்மோடு இடம்பெயர்ந்தவர் என்பது சைவப் பிள்ளையும் அறிந்திருக்க வேண்டிய செய்தி.

இப்படிச் செய்வது புதுமை ஒன்றும் இல்லை. லண்டனில் இருக்கும் உங்கள் மருமக்கள், பேரப்பிள்ளைகளிடம் கேட்டால் தெரியும். இங்கிலாந்தில் சமயக் கல்வி தேசிய பாடத்திட்டத்துக்குள் வராமல், பாடசாலைகள் கற்பிக்க வேண்டிய பாடமாகச் சட்டத்தில் தனியாக இருக்கிறது. அரச பாடசாலைகளில் பெரும் பகுதிக்கான பாடத்திட்டத்தை அந்தந்த உள்ளூராட்சிப் பகுதியே வகுத்து வந்தது. 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்திலிருந்து வரும் வழக்கம் இது. 1988இல் ஒவ்வொரு பகுதியிலும் இதற்கென ஓர் ஆலோசனை மன்றம் கட்டாயமானது. இங்கிலாந்துத் திருச்சபை ஒரு குழு, மற்றக் கிறிஸ்தவ சபைகளும் பிற சமயத்தவரும் ஒரு குழு, ஆசிரியர் சங்கங்கள் ஒரு குழு, உள்ளூராட்சி சபை ஒரு குழு. ஆட்கள் எத்தனை பேர் இருந்தாலும் ஒரு குழுவுக்கு ஒரு வாக்குத்தான். ஐந்து வருடத்துக்கு ஒரு தடவையாவது பாடத்திட்டத்தை மீளப் பார்க்க வேண்டும். அங்கேயும் எதிர்ப்பு இருக்கிறது: பகுதிக்குப் பகுதி தரம் வேறுபடுகிறது என்று சொல்லி, 2018இல் ஓர் ஆணைக்குழு உள்ளூர்ப் பாடத்திட்டங்களைக் கைவிட்டு நாடு முழுவதுக்கும் பொதுவான ஏற்பாடு வேண்டும் என்று பரிந்துரைத்தது. அந்தக் குறையில் உண்மை உண்டு. ஆனால் நம் நிலை அதற்கு நேர் எதிர். பொதுவானது நம்மிடம் தாராளமாக இருக்கிறது, ஊருடையதுதான் இல்லை.

நம் நாட்டு அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தில், பாடவிதானத்தில் உள்ளூர் மாற்றங்களுக்கு மாகாணம் அனுமதி பெறும் வழியும் சொல்லப்பட்டிருக்கிறது. அவ்வளவு தூரம் நாங்கள் இப்போது போகவில்லை. பாடசாலை மட்டக் கணிப்பீட்டில் ஆசிரியருக்கு இருக்கும் சுதந்திரமே இந்த வேலைக்குப் போதும். தவணைக்கு ஓர் ஒப்படை, அதாவது பிள்ளைகள் தாங்களே தேடிச் செய்துவரும் ஒரு வேலை, அவ்வளவுதான். கல்வி வலயத்திலிருந்து வரும் ஆசிரிய ஆலோசகரிடமும் காட்டித்தான் தொடங்குவோம்.

இங்கிலாந்து முறையில் எனக்குப் பிடித்தது அந்த ஒரு குழு ஒரு வாக்கு ஏற்பாடு. அதை அப்படியே எடுத்துக்கொள்ள நினைக்கிறேன். சைவக் கோயில் பரிபாலன சபையினர், கத்தோலிக்கரும் மற்றச் சபையினரும் சேர்ந்த கிறிஸ்தவக் குழு, பள்ளிவாசல் நிர்வாகத்தினர், ஆசிரியர் பெற்றோர் குழு என நான்கு. எண்ணிக்கையில் முஸ்லிம் பெற்றோர் குறைவு என்பதற்காக அவர்களுடைய குரலும் குறையக்கூடாது. நான்கு குழுவும் சம்மதித்தால்தான் ஒரு விடயம் ஒப்படைக்குள் வரும். ஒரு சமயத்தைப் பற்றி என்ன எழுதுவது என்பதை அந்தச் சமயத்தவர்தான் முதலில் சொல்ல வேண்டும்.

மதமாற்றம் பற்றிய பயத்தைச் சில பெற்றோர் என்னிடம் நேரிலேயே சொன்னார்கள். யுத்தத்துக்குப் பின் இந்தப் பக்கத்தில் நடந்தவற்றைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் வருவது இயல்பு. எனவே தெளிவாகச் சொல்கிறேன்: எந்தப் பிள்ளையும் வேறு சமய வழிபாட்டில் பங்கெடுக்கத் தேவையில்லை. பாடசாலைக்குள் துண்டுப்பிரசுரம் விநியோகிக்க எவருக்கும் அனுமதி கிடையாது. வெளியிலிருந்து வந்து பேசும் பெரியவர்களுக்கு அருகில் ஓர் ஆசிரியர் எப்போதும் இருப்பார். ஓர் இடத்துக்குப் பிள்ளையை அனுப்ப விருப்பமில்லை என்றால் எழுதித் தாருங்கள், காரணம் கேட்கமாட்டோம். அந்தப் பிள்ளையின் புள்ளியும் குறையாது, வேறு ஒப்படை கொடுப்போம்.

உங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. பிள்ளை வந்து அம்மம்மாவிடமோ அப்பப்பாவிடமோ கதை கேட்டால், வேலையை ஒரு பக்கம் வைத்துவிட்டுச் சொல்லச் சொல்லுங்கள். பழைய திருவிழாப் படங்கள், நோட்டீஸ்கள் ஏதாவது மிஞ்சியிருந்தால் காட்டுங்கள். பாடசாலைக்குக் கொடுத்தனுப்ப வேண்டாம், தொலைந்துவிடும். கைபேசியில் படம் எடுத்து அனுப்பினால் போதும். கூத்து ஆடியவர்கள், பொங்கலுக்கு வளந்துப் பானை ஏற்றியவர்கள், தேவாலயத்தில் இயேசுவின் பாடுகளைக் காட்டும் பாஸ்கு நடித்தவர்கள், பள்ளிவாசல் கட்டிய காலத்தை அறிந்தவர்கள் உங்கள் வீட்டிலோ அயலிலோ இருந்தால் பெயரைச் சொல்லுங்கள், நாங்களே போய்க் கேட்போம்.

குழுக்களைத் தெரிவுசெய்யும் கூட்டம் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தோடு சேர்ந்து நடக்கும். ஜும்ஆவுக்கும் ஞாயிறு பூசைக்கும் இடைஞ்சல் இல்லாமல் ஒரு வார நாளில், பாடசாலை விட்ட பின் வைக்கிறோம். திகதி பிள்ளைகளின் கொப்பியில் எழுதி வரும். வயல் வேலையால் வர முடியாதவர்கள் இந்தக் கடிதத்தின் பின்பக்கத்தில் விருப்பம், விருப்பமில்லை என்ற இரண்டில் ஒன்றைக் குறித்து, கையொப்பமிட்டு வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
அதிபர்