வாரம் 75 நிமிடம் ஓடினால் போதாதா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் ஓட்டப் பயிற்சி பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். வாரத்தில் ஆறு நாள், குறைந்தது 40 கிலோமீட்டர் ஓடினால்தான் உடம்பு ஃபிட்டாக இருக்கிறது என்று சொல்லிக்கொள்ள முடியும் என்று அதில் இருந்தது. எங்கள் கடையில் எடை போடும் தம்பியும் படித்தான். பேப்பரை நாலாக மடித்து ஆடுகிற தராசுக்கு அடியில் முட்டுக் கொடுத்துவிட்டு, "அப்ப நமக்கு இது சரிப்பட்டு வராது அண்ணாச்சி" என்றான். இரண்டு வாரமாகத்தான் என்னோடு ஓட வந்துகொண்டிருந்தான். மறுநாள் காலையில் ஆள் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை. அந்த எரிச்சலில்தான் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வயது 51. செங்கோட்டையில் ஒரு காய்கறிக் கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறேன். சுற்று வட்டாரத்துச் சரக்கு சாயங்காலம் வந்து சேரும், ராத்திரி லாரியில் ஏறி, புளியரை தாண்டி எஸ் வளைவில் ஊர்ந்து ஏறி, ஆரியங்காவு, தென்மலை, புனலூர், கொல்லம் என்று போகும். நான் போவதில்லை, நாற்காலியில் உட்கார்ந்து சிட்டை எழுதுவதோடு சரி. இப்படி உட்கார்ந்த வேலைக்காரர்களுக்கு எவ்வளவு ஓடினால் போதும் என்பதுதான் கேள்வி. மாரத்தான் ஓடுகிறவருக்கு எவ்வளவு என்பது வேறு கேள்வி. உங்கள் கட்டுரையில் இரண்டும் கலந்துவிட்டது.

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் பெரியவர்களுக்குச் சொல்லியிருப்பது இவ்வளவுதான்: வேக நடை மாதிரி மிதமான உழைப்பு என்றால் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம், ஓட்டம் மாதிரி கடுமையான உழைப்பு என்றால் 75 முதல் 150 நிமிடம், இரண்டையும் கலந்தும் செய்துகொள்ளலாம். கிலோமீட்டர் கணக்கே அதில் கிடையாது. முன்பு ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கில் சேரும் என்று ஒரு நிபந்தனை இருந்தது, அதையும் இந்த முறை எடுத்துவிட்டார்கள். கடுமை என்றால் என்ன என்று பயப்பட வேண்டாம். பேசிப் பார்த்தால் தெரிந்துவிடும். மூச்சு வாங்கினாலும் முழு வாக்கியம் பேச முடிகிறது என்றால் மிதம், நாலு வார்த்தைக்கு ஒரு தடவை நிறுத்தி மூச்சு இழுக்க வேண்டியிருந்தால் கடுமை.

சரி, 75 நிமிடத்தை மூன்று நாளாகப் பிரித்தால் ஒரு நாளைக்கு 25 நிமிடம். என் வேகத்துக்கு, அதாவது பால்கேன் கட்டிய சைக்கிளில் வருகிற பெரியவர் என்னைத் தாண்டும்போது "என்ன கணக்கப்பிள்ளை, நாய் எதுவும் வெரட்டுதா" என்று கேட்டு, பதிலையும் முழுசாகக் கேட்டுவிட்டுப் போகிற வேகத்துக்கு, அது மூன்று கிலோமீட்டர் சொச்சம். வாரம் முழுக்கக் கூட்டினால் பத்து கிலோமீட்டர் வரும். உங்கள் கட்டுரை கேட்டதில் கால்வாசி.

இதைவிடக் குறைவாக ஓடினாலும் வீண் போகாது. டல்லாஸ் நகரத்தில் ஒரு மருத்துவ மையத்துக்குப் பரிசோதனைக்கு வந்த 55,137 பேரைச் சராசரியாக 15 ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வு 2014-ல் வெளிவந்தது. ஓடாதவர்களோடு ஒப்பிட்டால் ஓடியவர்களுக்கு எந்தக் காரணத்தாலும் மரணம் நேரும் அபாயம் 30 சதவீதம் குறைவு, இதயம், ரத்தக் குழாய் நோய்களால் மரணம் நேரும் அபாயம் 45 சதவீதம் குறைவு. இதில் என்னை உட்கார வைத்தது என்னவென்றால், வாரத்துக்கு 51 நிமிடத்துக்கும் குறைவாக, சுமார் 9.6 கிலோமீட்டருக்கும் குறைவாக, ஒன்றிரண்டு நாள் மட்டும் ஓடினவர்களுக்கும் ஏறக்குறைய அதே பலன் கிடைத்திருக்கிறது. 2019-ல் இதுபோன்ற 14 ஆய்வுகளை, மொத்தம் 2,32,149 பேரை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோதும் அபாயம் 27 சதவீதம் குறைவு என்று வந்தது, கூடுதலாக ஓடினால் பலனும் கூடும் என்பதற்குத் தெளிவான அடையாளம் கிடைக்கவில்லை. நல்ல உடம்பு உள்ளவன்தானே ஓடவே போவான், அப்புறம் பலனை ஓட்டத்தின் கணக்கில் எழுதலாமா என்று கேட்டால், நியாயமான கேள்விதான். வயது, புகைப்பழக்கம் எல்லாவற்றையும் கழித்துத்தான் பார்த்திருக்கிறார்கள், ஆனாலும் அந்தச் சந்தேகம் முழுசாகத் தீராது. அது தீராவிட்டாலும் 40 கிலோமீட்டர் என்ற எண்ணுக்கு அதில் இடம் இல்லை.

அந்த டல்லாஸ் மையத்தை ஆரம்பித்த கென்னத் கூப்பர் அமெரிக்க விமானப் படையில் மருத்துவராக இருந்தவர், பன்னிரண்டு நிமிடத்தில் எவ்வளவு தூரம் ஓட முடிகிறது என்று பார்க்கும் சோதனையைக் கொண்டுவந்தவர். உலகத்தையே ஓட வைத்தவர்களில் ஒருவர். அவரே பிற்பாடு, வாரம் 15 மைலுக்கு, அதாவது 24 கிலோமீட்டருக்கு, மேல் ஓடுகிறவர் உடல்நலம் தவிர வேறு எதற்காகவோ ஓடுகிறார் என்று சொல்லிவிட்டார். அந்த வேறு ஏதோ ஒன்றை நான் குறை சொல்லவில்லை. எங்கள் ஊர்ப் பையன்கள் விடிவதற்கு முன்னாலேயே கூட்டமாக ஓடுகிறார்கள், போலீஸ் தேர்வில் 1500 மீட்டரை ஏழு நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும், அது அவர்களுக்குச் சோறு. அதிகம் ஓடினால் இதயம் கெட்டுவிடும் என்று மறுபக்கம் மிரட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், அதற்குக் கோபன்ஹேகனில் நடந்து 2015-ல் வந்த ஆய்வைக் காட்டுவார்கள். அதில் மிகக் கடுமையாக ஓடிய பிரிவில் இறந்தவர்கள் மொத்தம் இரண்டே பேர். இரண்டு பேரை வைத்து ஊரை மிரட்டக் கூடாது.

நானும் ஒரு காலத்தில் 40 கிலோமீட்டர் ஆள்தான். 2019-ல் புனலூர்க்கார டிரைவர் ஒருவர் போனில் ஒரு அட்டவணை காட்டினார். முதல் வாரம் 25, அடுத்து 32, மூன்றாம் வாரம் 40. எனக்கு எண்கள் என்றால் ஒரு பிடிப்பு, கணக்குப்பிள்ளை புத்தி. சிட்டையின் பின்பக்கத்தில் கட்டம் போட்டு டிக் அடித்துக்கொண்டே வந்தேன். மூச்சு நன்றாகத்தான் பழகிவிட்டது, இரண்டாம் வாரமே படி ஏறினால் வாங்கவில்லை. அந்தத் தெம்பில் மூன்றாம் வாரம் பகவதிபுரம் ரயில் நிலையம் பக்கம் போய்த் திரும்பாமல் மேட்டில் ஏறினேன். முழங்காலுக்குக் கீழே, முன் எலும்பின் உள்பக்கம், விரலால் தொட்டால் சுருக்கென்று ஒரு வலி. பொருட்படுத்தாமல் இன்னும் நாலு நாள் ஓடினேன், ஏனென்றால் கட்டத்தில் இடம் காலியாக இருந்தது! ஐந்தாம் நாள் கட்டிலில் இருந்து இறங்கிக் காலை ஊன்ற முடியவில்லை. நுரையீரலும் இதயமும் சில வாரத்தில் பழகிவிடும், எலும்பும் தசைநாரும் பழக மாதக்கணக்கில் ஆகும் என்று டாக்டர் பிறகு விளக்கினார். அதற்குள் நான் ஓட்டத்தையே வெறுத்து எட்டு மாதம் செருப்பைத் தவிர எதையும் காலில் மாட்டவில்லை. அந்த எட்டு மாதத்தில் ஓடியது பூஜ்ஜியம் கிலோமீட்டர். வாரம் பத்து என்று ஆரம்பித்திருந்தால் முந்நூறுக்கு மேல் ஓடியிருப்பேன்.

இப்போது வாரத்துக்கு மூன்று நாள். இரண்டு நாள் பேசிக்கொண்டு ஓடுகிற ஓட்டம், ஒரு நாள் நடுவில் ஐந்தாறு நிமிடம் மூச்சு முட்ட வேகம் கூட்டுவேன். ஆனி, ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்று இறங்கி, சாரல் முகத்தில் ஊசி ஊசியாகக் குத்தும்போது ஓடிப் பார்க்க வேண்டும், வேர்க்கவே வேர்க்காது. அதை எழுத ஒரு தனிக் கடிதம் வேண்டும், விடுங்கள்.

சிக்கல் வருவது ஓணத்துக்கு முன்னால்தான். அந்த மூன்று வாரம் எங்கள் கடையில் யாருக்கும் தூக்கம் கிடையாது. சேனை, தடியங்காய், வெள்ளரி, பூசணி, சீனியவரை என்று அவியலுக்கும் எரிசேரிக்கும் வேண்டியதெல்லாம் மலை ஏறியாக வேண்டும், கடைசி வண்டி கிளம்பும்போது காலை ஆறு ஆகிவிடும். முதல் இரண்டு வருஷம் அந்த நாட்களில் ஓட்டத்தை அப்படியே விட்டுவிட்டேன், ஓணம் முடிந்து திரும்பினால் பாதிக் கிணறு தாண்டின மாதிரி மறுபடி முதலில் இருந்து. அப்புறம்தான் ராபர்ட் ஹிக்சன் என்பவர் சிகாகோவில் 1980-களில் செய்த சோதனைகளைப் பற்றிப் படித்தேன். ஆட்களைப் பத்து வாரம், வாரத்துக்கு ஆறு நாள், நாளைக்கு 40 நிமிடம் நன்றாகப் பிழிந்து எடுத்திருக்கிறார். அப்புறம் 15 வாரத்துக்கு அதைக் குறைத்தார். ஒரு சோதனையில் ஆறு நாளை நாலாக, இரண்டாகக் குறைத்தார், இன்னொன்றில் ஆறு நாளையும் வைத்துக்கொண்டு 40 நிமிடத்தை 26 ஆக, 13 ஆகக் குறைத்தார். ஆக்சிஜனை உள்வாங்கிப் பயன்படுத்தும் திறன் இரண்டிலும் அப்படியே நின்றது. நாளையும் நேரத்தையும் குறைக்காமல் வைத்துக்கொண்டு வேகத்தை, உழைப்பின் கடுமையைக் குறைத்தபோதுதான் அந்தத் திறன் இறங்கியது.

அவர்கள் பயிற்சியும் என் ஓட்டமும் ஒன்றல்ல என்பது தெரியும். ஆனாலும் அந்த வருஷத்தில் இருந்து ஓண நெருக்கடியில் வாரத்துக்கு இரண்டே நாள், கால் மணி நேரம், ஆனால் சோம்பல் ஓட்டம் இல்லாமல் கொஞ்சம் முடுக்கி ஓடுகிறேன். ஓணம் முடிந்து பழைய ஓட்டத்துக்குத் திரும்பும்போது பால்காரரிடம் பதில் சொல்ல மூச்சு இருக்கிறது. வாங்குவதற்கு ஆகும் செலவைவிட வாங்கியதை வைத்துக் காப்பாற்ற ஆகும் செலவு குறைவு என்று இதைத்தான் கட்டுரையில் சொல்லியிருக்க வேண்டும், பிழைப்புக்கு அலைகிறவனுக்குத் தேவைப்படுகிற செய்தி அது.

ஓட்டம் எல்லாவற்றையும் தந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. அதே வழிகாட்டுதலில் வாரத்துக்கு இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுக்கும் பயிற்சியும் வேண்டும் என்று இருக்கிறது. எங்கள் கடைச் சுமைக்காரர்களுக்கு அது வேண்டாம், 50 கிலோ மூட்டையைத் தோளில் வாங்கி லாரிப் பலகையில் ஏறுகிறார்கள். எனக்கு வேண்டும். எடை குறையும் என்று நினைத்தும் ஓட வேண்டாம். ஒரு கிலோமீட்டர் ஓடினால் உடல் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ ஒரு கலோரி செலவாகும், 70 கிலோ ஆள் மூன்று கிலோமீட்டர் ஓடினால் 210. பிரானூர் பார்டரில் உட்கார்ந்து சால்னா ஊற்றி இரண்டு பரோட்டா சாப்பிட்டால் அது காணாமல் போய்விடும். (வெளியூர் வாசகர்களுக்கு: பார்டர் இப்போது அங்கே இல்லை. 1956-ல் செங்கோட்டை திருவிதாங்கூர் பக்கத்தில் இருந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது எல்லை மேற்கே மலைக்குப் போய்விட்டது, பெயரும் பரோட்டாவும் தங்கிவிட்டன.) சர்க்கரை, பிரஷர், நெஞ்சு வலி உள்ளவர்கள் ஒரு தடவை டாக்டரிடம் காட்டிவிட்டு நடையில் இருந்து தொடங்குவது நல்லது.

இன்னும் ஒன்று. இந்த 75 நிமிடத்தை எங்கே ஓடுவது? நெடுஞ்சாலையில் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே ஒரு முழ மண்தான் இருக்கிறது, லோடு லாரியும் டாரஸும் காதை உரசிப் போகின்றன. கார்த்திகை, மார்கழியில் ஐயப்பன் சீசன் வண்டிகள் வேறு. நான் ஆம்பளை, வயல் பாதையில் இறங்கி ஓடிவிடுவேன். என் வீட்டுக்காரி ஓட ஆசைப்பட்டு மொட்டை மாடியில் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் ஓடினாள், மூன்றாம் நாள் கீழ் வீட்டில் இருந்து ஆள் வந்து "அக்கா, மேல என்ன சத்தம்" என்று கேட்டதோடு நின்றுவிட்டது. பக்கத்திலேயே ஒரு பள்ளி மைதானம் இருக்கிறது, நல்ல செம்மண், சுற்றிலும் வேப்பமரம். காலை ஒன்பது மணி வரைக்கும் பூட்டுதான். கேட்டால் மேலே கேட்க வேண்டும் என்கிறார்கள். மேலே யார் என்று கேட்டால் அதற்கும் மேலே கை காட்டுகிறார்கள். காலை ஐந்து முதல் ஏழு வரைக்கும் ஊர் ஊருக்குப் பள்ளி மைதானக் கதவைத் திறந்துவிட்டால் என்ன என்று உங்கள் பத்திரிகை ஒரு தலையங்கம் எழுதலாம்.

இந்தக் கடிதத்தைப் போடுவதாக இருந்தால் இடத்துக்குத் தகுந்தபடி வெட்டிக்கொள்ளுங்கள், பரோட்டாவை வேண்டுமானாலும் எடுத்துவிடுங்கள். 75 நிமிடம் என்ற இடத்தை மட்டும் விட்டுவையுங்கள், தம்பிக்குக் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
காய்கறிக் கமிஷன் கடைக் கணக்கர் ஒருவர்,
செங்கோட்டை.