'பாரி லிண்டன்' புளூ-ரே: வெட்டி, துடைத்து, மெழுகாக்கிய படத்துக்கு என் பணத்தைத் திருப்பித் தாருங்கள்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
பொருள்: குறையுள்ள டிஸ்க், பணம் திரும்பக் கேட்பது தொடர்பாக

வணக்கம்.

உங்களிடம் முன்பதிவு செய்து வாங்கிய 'பாரி லிண்டன்' புளூ-ரே பற்றி ஏற்கெனவே ஒரு புகார் அனுப்பியிருந்தேன். டிவியில் பிக்சர் செட்டிங்கை மாற்றிப் பாருங்கள் என்று இரண்டு வரியில் பதில் வந்தது. என் டிவியில் ஒரு கோளாறும் இல்லை. ஷார்ப்னஸைப் பூஜ்ஜியத்தில் வைத்திருக்கிறேன், மோஷன் ஸ்மூத்திங்கை அணைத்து வைத்திருக்கிறேன், இதே டிவியில் இதைவிடப் பழைய படங்களெல்லாம் ஒழுங்காகத்தான் தெரிகின்றன. கோளாறு டிஸ்க்கில் இருக்கிறது. அதனால் இந்தத் தடவை விரிவாகவே எழுதுகிறேன். தயவுசெய்து இந்தப் படத்தை ஒரு தடவையாவது முழுதாகப் பார்த்த ஒருவரிடம் இதைக் கொடுங்கள்.

முதலில் அட்டையில் போட்டிருப்பதைப் பேசுவோம். அசல் நெகட்டிவிலிருந்து புதிதாக எடுத்தது, இயக்குநர் நினைத்த வடிவிலேயே தருகிறோம் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். டிஸ்க்கைப் போட்டால் 16:9 டிவித் திரை ஓரம் முதல் ஓரம் வரை நிரம்பி நிற்கிறது. அங்கேயே தெரிந்துவிட்டது. இந்தப் படம் எடுக்கப்பட்டது 1.66 விகிதத்தில், அதாவது உயரத்தைப் போல 1.66 மடங்கு அகலம். இதை நானாகச் சொல்லவில்லை, படத்தின் இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக்கே சொல்லியிருக்கிறார். படம் வெளியானபோது, 1975 டிசம்பர் 8 தேதியிட்டு, தியேட்டர் ஆபரேட்டர்களுக்கு அவர் ஒரு கடிதம் அனுப்பினார். 1.66-ல் ஓட்டுங்கள், எப்படிப் போனாலும் 1.75-ஐத் தாண்டாதீர்கள் என்று அதில் தெளிவாக இருக்கிறது. திரையில் எவ்வளவு வெளிச்சம் விழ வேண்டும் என்பதுவரை எழுதிய மனிதர் அவர். அந்தக் கடிதம் வெளியே வந்து பல வருடங்கள் ஆகிவிட்டன, இணையத்தில் தேடினால் யாருக்கும் கிடைக்கும். நீங்கள் தந்திருப்பது 16:9, அதாவது 1.78. அவர் போட்ட கடைசி எல்லையையும் தாண்டியது.

இதில் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்பீர்கள். 1.66-ஐ 1.78 ஆக்க வேண்டுமென்றால் மேலும் கீழுமாகப் படத்தின் உயரத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய 7 பங்கை வெட்ட வேண்டும். வேறு படமாக இருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு போயிருப்பேன். இது கெய்ன்ஸ்பரோ, ஹோகார்த் போன்ற 18-ஆம் நூற்றாண்டு ஓவியர்களைப் பார்த்துப் பார்த்து அமைத்த படம். காமிரா ஒரு முகத்தின் அருகே ஆரம்பித்து, மெல்ல மெல்லப் பின்வாங்கி, கடைசியில் அந்த ஆள் ஒரு பெரிய நிலப்பரப்பில் சின்னப் புள்ளியாக நிற்கும். வானம் எவ்வளவு, தரை எவ்வளவு என்பதுதான் அந்த ஷாட்டில் விஷயமே. முதல் காட்சியில் தூரத்தில் பொம்மை அளவில் ஆட்கள் நின்று துப்பாக்கியால் சுட்டுக்கொள்கிறார்கள், பாரியின் அப்பா செத்து விழுகிறார். அவர்களைச் சுற்றியிருக்கும் வெற்றிடம்தான் அந்தக் காட்சியின் நக்கலே, அதைப் போய்க் குறைத்து வைத்திருக்கிறீர்கள். இரண்டு பக்கமும் ஒல்லியாகக் கறுப்புப் பட்டை வந்தால் வாடிக்கையாளர் கோபிப்பார் என்று பயந்தீர்களோ என்னவோ. இந்தப் படத்தைக் காசு கொடுத்து வாங்குகிற எவரும் அதற்குக் கோபிக்க மாட்டார்.

இதைவிட மோசம் மெழுகுவர்த்திக் காட்சிகள். நாசாவின் அப்போலோ திட்டத்துக்காக ட்ஸைஸ் நிறுவனம் செய்த 50 மி.மீ. லென்ஸ், அதன் துளை எஃப் 0.7, அதாவது மிகக் குறைந்த வெளிச்சத்திலும் படமெடுக்கும் அளவுக்குப் பெரியது. அதைத் தேடிப் பிடித்து, அது பொருந்துவதற்காக ஒரு மிட்செல் காமிராவையே அறுத்துத் திருத்தி, மின்விளக்கு போடாமல் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எடுத்தார்கள். அதுவும் போதாமல் லேபில் ஃபிலிமை ஒரு ஸ்டாப் கூட்டி, அதாவது இருமடங்கு வெளிச்சம் பட்டது போல வரும்படி, கழுவினார்கள். அப்படிச் செய்தால் கிரெயின், அதாவது ஃபிலிமின் துகள், வரத்தான் செய்யும். அந்தத் துகள்தான் படம், அதை அழுக்கு என்று நினைத்து யாரோ உங்கள் ஆபீஸில் துடைத்திருக்கிறார். ஜான் ஆல்காட்டுக்கு ஒளிப்பதிவுக்காக ஆஸ்கர் வாங்கித் தந்த வேலை இது என்பதாவது அவருக்குத் தெரியுமா?

சீட்டாட்ட மேசைக் காட்சியை மட்டும் எடுத்துப் பாருங்கள். பாரியும் லேடி லிண்டனும் ஒரு வார்த்தை பேசாமல் பார்த்துக்கொள்வார்களே, அது. நாயிஸ் ரிடக்‌ஷனை (துகளை அழிக்கும் வேலையை) நீங்கள் ஏற்றிய ஏற்றில் லேடி லிண்டனாக நடித்த மாரிஸா பெரன்சனின் முகத்தில் தோலே இல்லை. பவுடர் பூசிய முகத்துக்கும் பொம்மை முகத்துக்கும் வித்தியாசம் உண்டு, உங்கள் டிஸ்க்கில் அது போய்விட்டது. மெழுகுவர்த்தி எரிகிற அறையில் மனிதர்களும் மெழுகாக உட்கார்ந்திருக்கிறார்கள். கை அசையாமல் இருக்கும்வரை சட்டைக் கையின் லேஸ் தெரிகிறது, கை நகர்ந்ததும் கரைந்து போகிறது, நின்ற பிறகு மறுபடி வருகிறது. பின்னால் இருக்கிற சுவரில் கிரெயின் மட்டும் அப்படியே உறைந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு தடவை கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் காட்சியைப் பார்க்கவே முடியாது, லேஸைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம்.

அதோடு விட்டீர்களா, இல்லை. துடைத்ததில் விவரம் போய்விட்டது என்று தெரிந்து ஷார்ப்னஸை வேறு ஏற்றியிருக்கிறீர்கள். சிப்பாய்கள் வரிசையாக நடந்து வரும் காட்சியில் வானத்தை ஒட்டி ஒவ்வொரு தொப்பியைச் சுற்றியும் வெள்ளைக் கோடு. இருட்டு மூலைகளைத் தூக்கி வெளுத்திருக்கிறீர்கள். கறுப்பாக இருக்க வேண்டிய இடம் சாம்பல் நிறத்தில் கட்டம் கட்டமாக நெளிகிறது. மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடுகிற படத்தை இடம் குறைவான ஒற்றை அடுக்கு டிஸ்க்கில் திணித்தால் வேறு என்ன ஆகும்? பாட்டி காலத்து வெண்கல விளக்கைத் துலக்கக் கொடுத்தால், சித்திர வேலையையும் சேர்த்துத் தேய்த்துவிட்டு, பாருங்கள் எப்படிப் பளபளக்கிறது என்று திருப்பித் தந்த மாதிரி இருக்கிறது உங்கள் ரீஸ்டோரேஷன்.

ஒலியைப் பற்றிச் சுருக்கமாக. படம் வெளியானது மோனோவில், அதாவது ஒற்றைத் தட ஒலியில். உங்கள் டிஸ்க்கில் சுற்றிலும் ஸ்பீக்கர் வைத்துக் கேட்கும் 5.1 மட்டும்தான். 5.1 இருப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, விரும்புகிறவர்கள் கேட்கட்டும். ஆனால் மோனோ டிராக்கைக் கூடச் சேர்க்க என்ன தடை? சுபர்ட்டின் பியானோ மூவிசை என் முதுகுக்குப் பின்னாலிருந்து வர வேண்டும் என்று யார் கேட்டார்கள்?

இதெல்லாம் நடைமுறைக்கு ஆகாது என்று மட்டும் பதில் எழுதாதீர்கள். 2017-ல் கிரைட்டீரியன் என்ற அமெரிக்க டிஸ்க் நிறுவனம் இதே படத்தை 4கே-யில் புதுப்பித்து, 1.66 விகிதத்திலேயே, மோனோ ஒலியோடு வெளியிட்டது. கிரெயினும் இருக்கிறது, இருட்டும் இருட்டாக இருக்கிறது. நண்பர் வீட்டில் அதைப் பார்த்த பிறகுதான் உங்கள் டிஸ்க்கில் என்னவெல்லாம் காணாமல் போயிருக்கிறது என்று முழுதாகப் புரிந்தது.

எனக்கு வேண்டியது இதுதான். ஒன்று, திருத்திய டிஸ்க்கை வெளியிட்டு, ஏற்கெனவே வாங்கியவர்களுக்குக் காசில்லாமல் மாற்றித் தர வேண்டும். அது முடியாதென்றால் தபால் செலவோடு முழுப் பணத்தையும் திருப்பித் தர வேண்டும், டிஸ்க்கைத் திருப்பி அனுப்பும் செலவும் உங்களுடையது. இரண்டில் எதுவானாலும், இனி அச்சாகும் அட்டைகளிலிருந்து இயக்குநர் நினைத்த வடிவம் என்ற வரியை எடுத்துவிடுங்கள். அடுத்த ஆர்டருக்குத் தள்ளுபடி என்று கூப்பன் அனுப்புவதாக இருந்தால் வேண்டாம். ரசீதும், நான் சொன்ன காட்சிகளை டிவியிலிருந்து எடுத்த போட்டோக்களும் இணைத்திருக்கிறேன். பதிலை இதே மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள், டிவி செட்டிங் பற்றி மட்டும் மறுபடி எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் பழைய வாடிக்கையாளர்