அந்த ஏலரானைக் கீழே இறக்காதே

சுங்கை சிப்புட்
ஞாயிறு இரவு

அன்புள்ள சேகர்,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது, உன்னை விசாரித்தார். தைப்பூசத்துக்குப் பிறகு நான் ஒரு வரிகூட எழுதவில்லை. மனசு உறுத்திக்கொண்டேதான் இருந்தது. ஆனால் நேற்று உன் மகன் அனுப்பிய படத்தைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. அந்தச் சிவப்பு ரிமோட் விமானத்தில் இரண்டு ஏலரானையும் (விமானத்தை இடவலமாகச் சாய்க்கும் இறக்கைத் தகடுகளை) ஒன்றாகக் கீழே இறக்கி, மெதுவாகத் தரையிறங்க உதவும் ஃபிளாப் மாதிரி வைத்திருக்கிறாய். பார்த்தால் 30 டிகிரி இருக்கும் போலிருக்கிறது. வேண்டாம்டா. வாட்ஸ்அப்பில் சொன்னால் கட்டைவிரலைக் காட்டிவிட்டு உன் இஷ்டத்துக்குச் செய்வாய், தோட்டத்துக் கிராணி (கணக்கர்) வீட்டுக் கூரையில் செய்த மாதிரி. அதனால்தான் நீளமாக எழுதுகிறேன். படித்து முடிக்கும்வரை பறக்கவிடாதே.

நம் தோட்டத்துத் திடலை நீ பார்த்து எத்தனை வருஷம் ஆகிறது! நாம் பள்ளிக்கூடம் போகும்போது சுற்றிலும் ரப்பர். இப்போது மூன்று பக்கமும் செம்பனை, மூன்று மாடி உயரம். மரத்தைத் தாண்டி இறங்குவதற்குள் பாதித் திடல் போய்விடுகிறது. மீதி பாதியில் விமானம் நிற்காது, வாய்க்காலில்தான் போய் நிற்கும். சரி, வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று இரண்டு ஏலரானையும் ஒரே சேனலில் இணைத்த ஒய் கேபிளைக் கழற்றிவிட்டு, அவற்றை அசைக்கும் இரண்டு சர்வோ மோட்டாரையும் ரிசீவரில் தனித்தனி சேனலில் மாட்டினேன். ஏலரானே ஃபிளாப் வேலையும் செய்யும்படி ரிமோட்டில் ஃபிளாப்பரான் மிக்ஸ் போட்டேன். சுவிட்சைத் தட்டினால் இரண்டும் இறங்கும். முதல் மூன்று தடவை புறா வந்து உட்கார்ந்த மாதிரி இறங்கியது. அந்தச் சந்தோஷத்தை உனக்கு அன்றைக்கே எழுதியிருக்கலாம்.

நான்காவது தடவை பக்கக் காற்று. செம்பனைக்கு மேல் திரும்பும்போது இடது இறக்கை சாய்ந்தது. வலப்பக்கம் ஸ்டிக்கைத் தள்ளினேன். நிமிர வேண்டிய விமானம் இன்னும் இடப்பக்கமே புரண்டு, தலைகுப்புற விழுந்தது. ஆறு வாரம் உட்கார்ந்து ஒட்டிய பல்சா இறக்கை நடுவில் முறிந்துவிட்டது. துண்டுகளைப் பொறுக்கிக் கொண்டுவந்த அக்கா பேத்தி கேட்டாள்: "தாத்தா, நீங்க அந்தப் பக்கம் தள்ளினீங்க, அது ஏன் இந்தப் பக்கம் போச்சு?"

இரண்டு நாள் தூங்கவில்லை, சேகர். பிறகுதான் புரிந்தது. ஏலரான் இருப்பது இறக்கை நுனியில். அதை இறக்கினால் அந்த நுனி மட்டும் காற்றை அதிகக் கோணத்தில் சந்திக்கிறது. வேகம் குறையும்போது உடல் பக்கம் தாங்கிக்கொண்டிருக்க, நுனி முதலில் ஸ்டால் ஆகிறது, அதாவது தூக்கும் சக்தியை இழக்கிறது. சாய்ந்த இறக்கையைத் தூக்க நாம் ஸ்டிக்கைத் தள்ளினால், ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருக்கும் அதே ஏலரான் இன்னும் கீழே போகிறது. தூக்குவதற்குப் பதில் ஸ்டாலை ஆழமாக்குகிறது, காற்றையும் பிடித்து அந்தப் பக்கமே இழுக்கிறது. நாற்பது வருஷம் பழகிய கையே விமானத்தைக் கவிழ்த்துவிடுகிறது. அந்த இடத்தில் மூக்கைப் பக்கவாட்டில் திருப்பும் ரட்டரைக் கொடுத்து, மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டரைத் தளர்த்தியிருக்க வேண்டும். உன்னுடையது நுனி குறுகிப் போகும் இறக்கை. என்னுடையதைவிட ஆபத்து.

2015 ஜூலையில் ரியூனியன் தீவில், காணாமல் போன மலேசிய விமானம் எம்எச்370-இன் இறக்கைத் துண்டு ஒதுங்கியபோது நீ ஃபோன் செய்தாயே, நினைவிருக்கிறதா? அதுவரை நாம் இரண்டு பேர் மட்டும் பேசிய 'ஃபிளாப்பரான்' என்ற சொல் எல்லாப் பேப்பரிலும் வந்தது. கோப்பிக் கடையில் என்னிடம் கேட்டவர்களுக்கு அந்த போயிங் 777-இன் இறக்கையைப் பேப்பர் ஓரத்தில் வரைந்து காட்டினேன். அதில் போனவர்கள் 239 பேர். வரைந்துகொண்டிருந்த கை நின்றுவிட்டது. அந்தப் படத்தை இப்போது மறுபடி நினைத்துப் பார்க்கிறேன்: போயிங் 777-இல் ஃபிளாப்பரான் நுனியில் இல்லை. இரண்டு ஃபிளாப்புக்கு நடுவே, உடலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. நாம் நுனியில் இருப்பதை அந்த வேலைக்கு இழுக்கிறோம்.

இப்போது நான் இரண்டு ஏலரானையும் மேலே தூக்குகிறேன், அதற்கு ஸ்பாய்லரான் என்று பெயர். விமானம் தரைக்கு மேல் மிதந்துகொண்டே போகாது. நுனியின் கோணம் குறைவதால் அது கடைசிவரை தாங்குகிறது. இறங்கும் வேகம் குறையாது, அதைத் தெரிந்துகொள். ஆனால் மரத்தைத் தாண்டியதும் சரிவாக இறங்கலாம், திடல் மிச்சமாகிறது. கீழேதான் இறக்குவேன் என்றால் 10 டிகிரிக்கு மேல் போகாதே. நல்ல உயரத்தில் வேகத்தைக் குறைத்து, எந்த இறக்கை முதலில் விழுகிறது என்று பார். ஏலரானை இறக்கியதும் மூக்கு மேலே போகிறதா கீழே போகிறதா என்று பார்த்து, அதைச் சரிசெய்ய எலிவேட்டர் மிக்ஸைப் போடு. சுவிட்ச் தட்டியதும் சர்வோ பட்டென்று போகக்கூடாது, இரண்டு மூன்று விநாடி எடுத்து மெதுவாகப் போக வேண்டும்.

உன் மகன் முகத்தை அந்தப் படத்தில் பார்த்தேன். அவன் ஒட்டிய இறக்கை அது. அதற்காகத்தான் இவ்வளவும்.

அடுத்த மாதப் பள்ளி விடுமுறையில் அவனைக் கூட்டிக்கொண்டு வா. விமானத்தையும் கொண்டுவா, இங்கே சேர்ந்து பார்ப்போம். வரும்போது 9 கிராம் மெட்டல் கியர் சர்வோ இரண்டு வாங்கி வா. விழுந்ததில் ஒன்று பல் உடைந்துவிட்டது, ஈப்போவில் கேட்ட கடையில் இல்லை.

உன்,
குணா