பனியில்லாத குல்மார்க் பயணம்: செய்யாத சேவைக்கு வாங்கிய கட்டணம் குறித்த புகார்

நாள்: 22.01.2024

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: காஷ்மீர் பனிக்காலச் சுற்றுலாவில் வழங்கப்படாத சேவைகளுக்கான தொகையைத் திருப்பித் தரக் கோருதல்

ஐயா,

ஜனவரி 8 முதல் 13 வரை தங்கள் நிறுவனத்தின் ஏற்பாட்டில் நான், என் மனைவி, இரு பிள்ளைகள் ஆகிய நால்வரும் கோவையிலிருந்து காஷ்மீர் சென்று வந்தோம். பனி பெய்யாததற்காக நான் இதை எழுதவில்லை. வானத்தின் மேல் வழக்குப் போட முடியாது. பனி இல்லை என்பதை மறைத்து எங்களைக் கிளப்பிவிட்டதும், இருந்த கொஞ்சப் பனியையும் பார்க்க வழியில்லாமல் செய்ததுமே என் புகார்.

டிசம்பர் 21 தொடங்கி நாற்பது நாள் நீளும் சில்லாய் கலான்தான் அந்தப் பள்ளத்தாக்கின் கடுங்குளிர்க் காலம். அப்போது பனியைக் கொண்டுவருபவை மத்தியதரைக் கடல் பக்கமிருந்து நகர்ந்து வரும் காற்றழுத்தத் தாழ்வுகள். இந்த முறை அவை வலுவிழந்து போனதால் குல்மார்க் காய்ந்து கிடக்கிறது என்ற செய்தியைப் படித்துவிட்டு, ஜனவரி 5 அன்று தங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். "குல்மார்க்ல பனிக்குப் பஞ்சமே இல்ல சார், தைரியமா கிளம்புங்க" என்பதுதான் கிடைத்த பதில்.

குல்மார்க்குக்குக் கீழே உள்ள டங்மார்க்கில் வண்டியை நிறுத்தி, எங்கள் நால்வருக்கும் கம்பூட்டு எனும் ரப்பர் காலணியும் கனத்த கோட்டும் கட்டாயமாக வாடகைக்கு எடுக்க வைத்தார் தங்கள் பிரதிநிதி. அங்கிருந்து 13 கிலோமீட்டர் மேலே ஏறிப் போய் குல்மார்க்கில் இறங்கினால், கண்ணுக்கெட்டிய தூரம் வரை பழுப்பேறிய காய்ந்த புல். மரப்பலகைச் சறுக்குவண்டிகளை வேலியில் சாய்த்துவிட்டு, அவற்றை இழுத்துப் பிழைக்கும் தொழிலாளர்கள் காங்கிரி எனும் கணப்புச் சட்டியின் கனலில் கை காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். அந்தப் புல்தரையில் முழங்கால் வரை கம்பூட்டு மாட்டிக்கொண்டு நாங்கள் நடந்ததைப் பார்த்து அவர்களே சிரித்துவிட்டார்கள். பனிச்சறுக்குப் பயிற்சியும் சறுக்குவண்டிச் சவாரியும் நடக்கவே இல்லை. அவற்றுக்காக நான் செலுத்திய ரூ. 14,000 மட்டும் தங்களிடம் இருக்கிறது.

இதைவிட வருத்தம் தந்தது கோண்டோலா எனும் கம்பிவட ஊர்தி விஷயம். பயணத் திட்டத் தாளில் இரண்டு கட்டங்களும் உண்டு என்று அச்சிட்டிருக்கிறீர்கள். ஆனால் முதல் கட்டமான கொங்டூரி வரைதான் சீட்டு எடுத்திருந்தீர்கள். அதற்கு மேலே, ஏறக்குறைய 3,950 மீட்டர் உயரத்தில் இருக்கும் அபர்வத் சரிவில்தான் அன்று வெள்ளையாக ஏதோ தெரிந்தது. இணையத்தில் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டிய சீட்டு என்பதால் அந்த நேரத்தில் எங்களால் வாங்க முடியவில்லை. கண்ணெதிரே பனி இருந்தும், பிள்ளைகள் அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.

இவ்வளவுக்கும் பிறகு அந்தப் பயணம் எங்களுக்கு முழுக்கக் கசக்கவில்லை என்றால், அதற்குக் காரணம் எங்கள் வாகன ஓட்டுநர். மேகமே இல்லாத வானம் என்பதால் நங்க பர்வதச் சிகரம் தெரியும் இடத்துக்கு எங்களை அவரே நடத்திக் கூட்டிப் போனார். மறுநாள் டங்மார்க் அருகிலுள்ள டிரங் அருவிக்கு அழைத்துச் சென்றார். விழுந்துகொண்டிருந்தபடியே உறைந்து, பாறையிலிருந்து ஆளுயரப் பனிக்கட்டிகளாகத் தொங்கிய அந்த அருவியைவிட்டு என் மகளைக் கிளப்புவதே பெரும்பாடாகிவிட்டது. ஸ்ரீநகரில் காலையில் சிக்காராக்காரர் துடுப்பால் தால் ஏரியின் மெல்லிய பனித்தகட்டை உடைத்துக்கொண்டே படகைச் செலுத்தியதும் அந்த ஓட்டுநர் சொல்லித்தான் எங்களுக்குக் கிடைத்தது. இவற்றில் ஒன்றுகூடத் தங்கள் திட்டத்தில் இல்லை. பனி குறைந்த ஆண்டில் என்ன காட்டலாம் என்பது ஓர் ஓட்டுநருக்குத் தெரிந்திருக்கும்போது, சுற்றுலா நடத்துவதையே தொழிலாகக் கொண்ட தங்களுக்குத் தெரியாது என்று நம்புவது கடினம்.

எனவே, நடக்காத விளையாட்டுகளுக்கான ரூ. 14,000, கோண்டோலா இரண்டாம் கட்டக் கட்டணம், கம்பூட்டு மற்றும் கோட்டு வாடகை ஆகியவற்றை 15 நாட்களுக்குள் என் வங்கிக் கணக்கில் திருப்பிச் செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன். தவறினால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகுவேன். ரசீதுகளின் நகல்களையும், காய்ந்த புல்வெளியில் கம்பூட்டோடு நாங்கள் நிற்கும் புகைப்படத்தையும் இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்