மூன்றாவது வரிசைக்காரர்

அன்புள்ள நண்பா,

ஐந்து மாதமாகப் பதில் போடவில்லை. திட்டுவதையெல்லாம் சேர்த்துவை, நேரில் வாங்கிக்கொள்கிறேன். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. உன் மகள் பாஸான செய்தியைப் பெரியவர் சொன்னார், அவளுக்கு என் வாழ்த்து. பெரியவர் இன்னும் அந்த நாற்காலிக் கதையை விடவில்லை. அதில் உன் வீரம் மட்டும் வருடா வருடம் கூடிக்கொண்டே போகிறது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எழுதிவைக்காமல், பார்வையாளர் சொல்வதை வைத்து அங்கேயே கட்டி ஆடும் நம் நாடகம்தான் விஷயம். போன மாத நிகழ்ச்சியில் ஒருவரை மேடைக்குக் கூப்பிட்டேன். மூன்றாவது வரிசை, ஓரத்து இருக்கை. அன்று அரங்கில் அதிகம் சிரித்தவர் அவர்தான். வேண்டாம் என்று தலையாட்டினார். பக்கத்தில் இருந்தவர்கள் தள்ளினார்கள், மற்றவர்கள் கைதட்டினார்கள், எழுந்து வந்தார். படியேறும்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அதை நான் பார்த்தேன். பார்த்தும் நிறுத்தவில்லை. நான்கு நிமிடம் அவருக்குப் பேச்சே வரவில்லை. அவர் தடுமாறிய இடத்திலெல்லாம் நான் ஒரு வசனத்தைப் போட்டேன், ஒவ்வொன்றுக்கும் சிரிப்பு. நம் பசங்களுக்கு அது நல்ல காட்சி. இறங்கும்போதும் அவர் கண்ணாடியைப் போடவில்லை. காலால் படியைத் தடவித் தடவி இறங்கினார். இடைவேளைக்குப் பிறகு அந்த இருக்கை காலி.

விருப்பமில்லாதவரை இழுக்காதே என்று நீ அன்றைக்கே சொன்னாய். தெரியும், மறுபடி சொல்லாதே.

பார்வையாளரைச் சேர்த்துக்கொள்வது என்றால் யாரையாவது மேடைக்கு இழுப்பது என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். பிரேசில் நாடகக்காரர் அகஸ்டோ போவால் விஷயத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். 1973, பெரு நாடு. நாடகம் ஒரு சிக்கலில் நிற்கும், பார்வையாளர்கள் வழி சொல்வார்கள், நடிகர்கள் அதை நடித்துக் காட்டுவார்கள். ஒரு பெண்மணி சொன்னதை எத்தனை விதமாக நடித்தும் ‘இது இல்லை’ என்றே சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில், ‘நீங்களே வந்து செய்யுங்கள்’ என்றார் போவால். அந்தப் பெண்மணி மேடையேறி, கணவனாக நடித்தவரைத் துடைப்பத்தால் விளாசிவிட்டார். பார்வையாளரே மேடையேறி நாடகத்தின் போக்கை மாற்றும் மன்ற அரங்கு பிறந்த கதை என்று இதை நாமும் எத்தனையோ தடவை சொல்லிச் சிரித்திருக்கிறோம். இந்தத் தடவை எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பெண்மணிக்குச் சொல்ல ஒன்று இருந்தது, இருந்த இடத்திலிருந்து சொல்ல முடியவில்லை, அதனால் ஏறினார். என் மூன்றாவது வரிசைக்காரர் ஏறியது எனக்குச் சிரிப்பு தேவைப்பட்டதால்.

அதனால் இப்போது கேள்வியிலிருந்து மாற்றிக்கொண்டு வருகிறேன். ‘ஓர் இடம் சொல்லுங்கள்’ என்றால் எந்த ஊரிலும் ஒருவர் ‘கழிவறை’ என்று கத்துவார். அவர்மேல் தப்பில்லை, அவசரப்படுத்தினால் முதலில் வாயில் வருவது அதுதான். போன வாரம், ‘சின்ன வயதில் எங்கே ஒளிந்துகொள்வீர்கள்?’ என்று கேட்டுவிட்டுப் பேசாமல் நின்றேன். அந்த அமைதி எனக்கே பயமாக இருந்தது. அப்புறம் பின்னாலிருந்து மெதுவாக ஒரு குரல்: ‘மாடிப்படிக்குக் கீழே.’ அந்த ஒன்றை வைத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆடினோம். சொன்னவர் எழுந்திருக்கவே இல்லை. ஆனால் காட்சி முழுக்க அவர்தான் அங்கே இருந்தார். பார்வையாளர் சொல்லும் சொந்தக் கதையை அங்கேயே நடித்துக் காட்டும் பிளேபேக் அரங்கில் கதை சொன்னவரை மேடையோரம் உட்காரவைத்து, முடிந்ததும் நடிகர்கள் அவர் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள், ஞாபகம் இருக்கிறதா? அதைச் சம்பிரதாயம் என்று நினைத்தேன். ‘உங்களுடையதைத் திருப்பித் தருகிறோம், பாருங்கள்’ என்பதுதான் அந்தப் பார்வை.

மேடைக்கு அழைப்பதை விட்டுவிடவும் இல்லை. கை தூக்கியவரை மட்டும் அழைக்கிறேன், பேசவைப்பதில்லை. நடிகர் பொம்மைபோல் நிற்பார், வந்தவர் அவர் கை காலை நகர்த்துவார், அதற்கேற்ற வசனத்தை நடிகரே கண்டுபிடிக்க வேண்டும். அப்போது மாட்டிக்கொள்வது நாம், வந்தவர் இல்லை. புதன்கிழமை ஓர் அம்மா நம் நெட்டையனின் கையை அவன் மூக்கிலேயே கொண்டுபோய் வைத்துவிட்டு, அவன் என்ன சொல்கிறான் பார்ப்போம் என்று இடுப்பில் கைவைத்து நின்றார். அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

ஒன்று மட்டும் இன்னும் பிடிபடவில்லை. கை தூக்காதவர்களில் உண்மையிலேயே வேண்டாம் என்பவர் யார், இன்னொரு தடவை கேட்க மாட்டார்களா என்று காத்திருப்பவர் யார்? முகத்தைப் பார்த்தால் எனக்குத் தெரியும் என்றுதான் அன்றைக்கும் நினைத்தேன். உனக்கு இந்தக் கண் உண்டு. அடுத்த நிகழ்ச்சிக்கு வா. எங்களைப் பார்க்காதே, பக்கவாட்டில் நின்று வந்திருப்பவர்களை மட்டும் பார்த்துச் சொல். வரும்போது கேள்விகளும் எழுதிக்கொண்டு வா. என்னிடம் பதினொன்று இருக்கின்றன, அதில் நாலு தேறாது.

அன்புடன்,
உன் பழைய பாவி