ஏழு மணி நேரம் பேசியவர்

கோயம்புத்தூர்

அன்புள்ள கார்த்திக்,

போனில் பேச்சு பாதியில் நின்றுவிட்டது. உனக்கு வேலைக்குக் கிளம்பும் நேரம், எனக்குக் கண் சொக்கும் நேரம். அதனால் எழுதுகிறேன். மல்யுத்த வீரர் பிரெட் ஹார்ட், தன் வாழ்க்கையைப் பற்றிய அந்த டிவிடி பெட்டிக்காகப் பேசப் போயிருக்கவே கூடாது, தன் முதுகில் குத்திய டபிள்யூ.டபிள்யூ.இ. மல்யுத்தக் கம்பெனியின் வாசற்படியை மறுபடியும் மிதித்ததே தவறு என்று நீ சொன்னாய். நீ அனுப்பிய மூன்று தட்டுகளையும் பார்த்து முடித்துவிட்டேன். அவர் போனதுதான் சரி என்று இப்போது இன்னும் உறுதியாகத் தோன்றுகிறது. பெட்டியில் குறைகள் உண்டு, அவற்றையும் சொல்கிறேன். ஆனால் அவர் போகாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நீ யோசிக்கவில்லை.

யோசிக்க வெகுதூரம் போக வேண்டாம். அதே 2005ஆம் ஆண்டு, பிரெட்டின் பெட்டி நவம்பரில் வருவதற்கு இரண்டு மாதம் முன்பு, அதே கம்பெனி அல்டிமேட் வாரியர் என்ற இன்னொரு மல்யுத்த வீரரைப் பற்றி ஒரு தட்டு வெளியிட்டது. அவர் வர மறுத்துவிட்டார். அவர் இல்லாமலேயே எடுத்தார்கள். தலைப்பிலேயே 'வாரியரின் சுய அழிவு' என்று போட்டு, கூட ஆடியவர்களை வரிசையாக உட்காரவைத்து, அவருக்கு ஆடத் தெரியாது, பேசத் தெரியாது, பணத்தாசை பிடித்தவர் என்று சொல்லவைத்தார்கள். 1990இல் டொராண்டோவில் ஹல்க் ஹோகனை வீழ்த்திய மனிதனை, கயிற்றைப் பிடித்து உலுக்கிக்கொண்டு ஓடிவந்தால் அரங்கமே எழுந்து நின்ற மனிதனை, கேலிப்பொருளாக்கினார்கள். அவர் வழக்குப் போட்டார். 2009இல் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்துவிட்டது. 2014இல் சமரசமானபோது அதே கம்பெனி அதே மனிதரைப் புகழ்ந்து மூன்று தட்டுகள் கொண்ட பெட்டி ஒன்றை வெளியிட்டது. ஏப்ரல் 5ஆம் தேதி மரியாதை செய்தார்கள், 7ஆம் தேதி மேடையேறிப் பேசினார், 8ஆம் தேதி இறந்துபோனார். வயது 54. முன்னது பொய்யா, பின்னது பொய்யா? பழைய ஒளிப்பதிவுகள் யார் அலமாரியில் இருக்கின்றனவோ அவர்கள் வைத்ததுதான் அந்த மனிதரின் வரலாறு.

பிரெட்டுக்கும் இதே மாதிரி ஒரு தட்டுதான் தயாராக இருந்தது. 1997இல் மான்ட்ரியலில் அவரை ஏமாற்றித் தோற்கடித்த சம்பவத்தை (அதைப் பின்னால் சொல்கிறேன்) குத்திக்காட்டும் தலைப்புகூட முடிவாகிவிட்டது. அது தெரிந்துதான் 2005 ஆகஸ்டில் அவர் அவர்களுடைய தலைமை அலுவலகத்துக்குப் போனார், ஏழு மணி நேரத்துக்கும் மேல் கேமரா முன் உட்கார்ந்து பேசினார். பக்கவாதம் வந்து மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. தன் கதையை இன்னொருவர் திரித்துச் சொல்லிவிடக் கூடாது என்று, மெல்ல மெல்லத் தேறி வந்த ஒரு மனிதர் போய் உட்கார்ந்தார். இதைச் சரணடைந்தது என்று நீ சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அந்தப் பேச்சுதான் பெட்டியின் உயிர். முதல் தட்டில் வாழ்க்கைக் கதை, மற்ற இரண்டிலும் ஆட்டங்கள். கதைத் தட்டில் அவர் ஒரு கைத்தொழிலாளி தன் வேலையைச் சொல்வது போலச் சொல்கிறார். வெற்றி தோல்வி முன்கூட்டியே பேசிவைத்தது, அதில் என்ன ஆட்டம் இருக்கிறது என்று உன் அப்பா கேட்டுக்கொண்டே இருப்பாரே, அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துத்தான் பார்த்தேன். முடிவு தெரிந்த பிறகுதான் வேலையே தொடங்குகிறது. எதிரே இருப்பவனுக்கு அடிபடாமல், பார்ப்பவனுக்கு வலிக்க வேண்டும். எதிராளி எவரையும் ஒரு காயமும் இல்லாமல் வீட்டுக்கு அனுப்பியதைத்தான் பிரெட் தன் பெரிய பெருமையாகச் சொல்வார். அப்பா ஒன்றும் பேசவில்லை, ஆனால் எழுந்தும் போகவில்லை.

வெம்ப்ளி ஆட்டத்தையே எடுத்துக்கொள். 1992, லண்டன், சுமார் 80,000 பேர். எதிரே தங்கை கணவர் டேவி பாய் ஸ்மித். சொந்த மண்ணில் அவர் ஜெயிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே டேவி, தனக்கு எல்லாம் மறந்துவிட்டது என்று சொல்லிவிட்டாராம். பிரெட் இதைப் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு ஒவ்வொரு பிடியையும் காதோடு காதாகச் சொல்லிச் சொல்லி நடத்திக்கொண்டுபோய், கடைசியில் தான் தோற்றுக் கொடுத்தார். இது தெரிந்த பிறகு அந்த ஆட்டத்தை மறுபடியும் பார். பிரெட் தலைப்பூட்டுப் போடும் போதெல்லாம் அவர் முகம் டேவியின் காதுப்பக்கம் சாய்ந்திருக்கும். நீ அன்றைக்கு யார் ஜெயிப்பார் என்று பார்த்தாய். இன்றைக்குப் பார்த்தால் ஒருவர் இன்னொருவரைத் தூக்கிச் சுமப்பது தெரியும்.

ஆட்டத் தட்டுகளில் எனக்குப் பிடித்தது 1986இல் பாஸ்டனில் ரிக்கி ஸ்டீம்போட்டோடு ஆடியது. அப்போது பிரெட்டுக்குப் பெரிய பெயர் இல்லை, ஜிம் நைட்ஹார்ட்டோடு ஜோடியாக ஆடிக்கொண்டிருந்த காலம். பட்டம் எதுவும் கையில் இல்லாதபோதே அவர் எவ்வளவு முழுமையான ஆட்டக்காரர் என்பது அதில் தெரிகிறது. இப்படி ஒரு ஆட்டத்தைத் தேடி எடுத்து உள்ளே வைத்தவருக்கு ரசனை இருக்கிறது.

இனி குறைகளுக்கு வருகிறேன்.

முதலில் பிரெட்டின் அம்மா ஹெலன். இது உனக்குக் குறையாகவே பட்டிருக்காது. கனடாவில், கால்கரியில் அந்த மலைமேட்டு வீட்டில் பன்னிரண்டு பிள்ளைகள். எட்டு மகன்களும் மல்யுத்த மேடைக்குப் போனார்கள், நான்கு மகள்களும் மல்யுத்த வீரர்களைக் கட்டிக்கொண்டார்கள். கீழே நிலவறையில் அப்பா ஸ்டூ, பயிற்சிக்கு வந்தவர்களைப் பிடித்து முறுக்கி அலறவைத்த கதை எல்லோருக்கும் தெரியும். மேலே அந்தத் தொழிலின் கணக்கு வழக்கைப் பார்த்துக்கொண்டு, இத்தனை பேருக்கும் சோறு போட்டுக்கொண்டு, மல்யுத்தத்தையே வெறுத்த ஒரு தாய் இருந்தார். தன் பிள்ளைகள் இதற்குள் போகவேண்டாம் என்று நினைத்தவர். கடைசிப் பிள்ளை ஓவனை இந்தத் தொழிலுக்கே பலி கொடுத்தவர். 2001இல் அவர் போய்விட்டார், 2003இல் ஸ்டூவும் போய்விட்டார். 2005இல் கேட்க ஆள் இல்லை என்பது உண்மைதான். ஆனால் 1998இல் பால் ஜே எடுத்த கனடா ஆவணப்படத்தில் இருவரும் உயிரோடு, அந்த வீட்டிலேயே இருக்கிறார்கள். ஒரு வீட்டின் கதையைச் சொல்ல வந்தவர்கள் அந்த வீட்டின் பெண்ணுக்கு இவ்வளவு குறைவாகவா இடம் கொடுப்பார்கள்?

அந்தப் பழைய படத்தோடு வைத்துப் பார்த்தால்தான் மான்ட்ரியல் பகுதியின் குறையும் தெரிகிறது. 1997 நவம்பர் 9. இருபது வருட ஒப்பந்தம் போட்டு ஒரு வருடத்திலேயே, பணமில்லை, வேறு இடம் பார்த்துக்கொள் என்று கம்பெனி முதலாளி வின்ஸ் மெக்மேன் சொல்லிவிட்டார். பிரெட் போட்டிக் கம்பெனிக்குப் போக ஒப்புக்கொண்டார், ஆனால் கனடா மண்ணில், தனக்குப் பிடிக்காத எதிராளி ஷான் மைக்கேல்ஸிடம் பட்டத்தைத் தோற்க மாட்டேன் என்றார். சரி, பட்டம் கைமாறாமல் ஆட்டத்தை முடித்துக்கொள்ளலாம் என்று பேச்சு. ஆட்டத்தின் நடுவே, பிரெட்டின் சொந்தப் பிடியையே ஷான் அவர்மீது போட்ட அந்த நொடியில், பிரெட் கையைத் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்ளாமலே, நடுவர் ஏர்ல் ஹெப்னர் மணியடிக்கச் சொல்லிவிட்டார். மேடையோரத்தில் வின்ஸே நின்று மணியடி என்று கத்துகிறார். பிரெட் எழுந்து அவர் முகத்தில் துப்பினார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, விரலால் காற்றில் ஒவ்வோர் எழுத்தாக, தான் போகப்போகும் கம்பெனியின் பெயரை எழுதிக்காட்டினார். அந்தக் கை நடுங்கவே இல்லை.

பால் ஜேயின் படத்தில், அன்று பகலில் பிரெட் உடலில் மறைத்து வைத்திருந்த மைக்கில் வின்ஸின் வாக்குறுதி பதிவாகியிருக்கிறது. அறைக்குள் பிரெட்டிடம் அடி வாங்கிய பிறகு வின்ஸ் தள்ளாடி வெளியே வருவதும் இருக்கிறது. வெளியாள் எடுத்த படம் என்பதால் அது சாத்தியமானது. கம்பெனியின் பெட்டியில் பிரெட் தன் தரப்பைச் சொல்கிறார், நன்றாகவே சொல்கிறார். ஆனால் அங்கே அது ஒருவருடைய மனக்குறையாகச் சுருங்கிவிடுகிறது. வாக்குக் கொடுத்தவர் வாக்கை மீறினார் என்ற நேரடிக் குற்றச்சாட்டின் சூடு ஆறிவிடுகிறது. பேசியது ஏழு மணி நேரம், வந்தது ஒரு படத்தின் அளவு. எதை வெட்டினார்கள் என்பது வெட்டியவர்களுக்கே தெரியும்.

ஓவனின் மரணத்தைப் பற்றி எழுதக் கை ஓடவில்லை, ஆனாலும் எழுதியாக வேண்டும். 1999 மே 23, கான்சாஸ் நகரம். கூரையிலிருந்து கயிற்றில் இறக்கிக் காட்டும் வேடிக்கைக்காக ஏற்றினார்கள். கொக்கி விடுபட்டு சுமார் 24 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தான், முப்பத்துநான்கு வயதுப் பையன். உடலை எடுத்துக்கொண்டுபோன பிறகும் நிகழ்ச்சியைத் தொடர்ந்து நடத்தினார்கள். மனைவி மார்த்தா வழக்குப் போட்டு, கம்பெனி பெரும் தொகை கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. பெட்டியில் பிரெட்டின் துக்கம் இருக்கிறது. அந்தக் கயிற்றுக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்குத்தான் பதில் கிடைக்கவில்லை. துக்கத்தைக் காட்டுவதற்குக் கம்பெனிக்கு எந்தத் தயக்கமும் இல்லை, அதில் செலவும் இல்லை.

மார்த்தா கடைசிவரை அவர்களோடு சேரவில்லை. 2015இல் ஓவனைப் பற்றித் தனியாக ஒரு தட்டு எடுத்தபோதும் அவர் பேச மறுத்துவிட்டார். அவர் மறுத்ததும் எனக்குச் சரியாகவே படுகிறது. கணவனைக் கொன்ற மேடையின் வியாபாரத்துக்கு மனைவி சாட்சி சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. அண்ணன் நிலை வேறு. அவருடைய உழைப்பு முழுவதும் அந்த ஒளிப்பதிவுகளுக்குள் கிடந்தது. அதை மீட்க அந்த வீட்டுக்குள் போவதைத் தவிர வேறு வழி இல்லை. நீ இருவரையும் ஒரே தராசில் நிறுத்தினாய்.

மூன்றாவது தட்டில் 1999 அக்டோபர் 4ஆம் தேதி ஆட்டம் ஒன்று இருக்கிறது, பார்த்தாயா? ஓவன் விழுந்த அதே அரங்கத்தில், தம்பியின் நினைவாக, பிரெட் கிறிஸ் பென்வாவோடு ஆடியது. சத்தம், கதை, ஜோடனை எதுவும் இல்லை. இரண்டு பேர் பிடி போடுகிறார்கள், விடுவிக்கிறார்கள், மறுபடியும் பிடிக்கிறார்கள். முடிந்ததும் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். பெட்டி வெளிவந்து இரண்டு ஆண்டுகள்கூட ஆகாமல், 2007 ஜூனில், அந்தப் பென்வா தன் மனைவியையும் சின்ன மகனையும் கொன்றுவிட்டுத் தன்னையும் மாய்த்துக்கொண்டார். அதற்குப் பிறகு கம்பெனி அவர் பெயரையே முடிந்தவரை ஒதுக்கிவைத்துவிட்டது. எனக்கும் பார்க்க முடியவில்லை, இரண்டு முறை நிறுத்திவிட்டுத்தான் முடித்தேன். ஆனால் ஓவனுக்காக அண்ணன் செய்த காரியம் அது. அதைப் பென்வாவின் பாவத்துக்காக அழித்துவிட முடியுமா? உன் கையிலிருக்கும் தட்டு 2005இல் அச்சானது, அதில் யாரும் இனி எதையும் நீக்க முடியாது. இணையத்தில் பார்த்தால் போதுமே, பெட்டி எதற்கு என்று உன் நண்பர்கள் சொன்னால் இதைச் சொல்.

இன்னொரு குறை காலத்தால் வந்தது. 2005இல் பிரெட்டும் ஷானும் ஒரே அறையில் உட்காரும் நிலையில் இல்லை. 2010 ஜனவரியில்தான் மேடையில் கைகொடுத்துக்கொண்டார்கள், 2011இல் எதிரெதிரே அமர்ந்து பேசிய தட்டு வந்தது. அங்கே ஒருவர் சொல்வதை இன்னொருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஒருவரே பேசும் படத்தில் அது வர வழியில்லை. அதையும் வாங்கி அனுப்பு. பால் ஜேயின் படமும் கிடைத்தால் அனுப்பு, முன்பு பார்த்தது தெளிவில்லாத பிரதி.

கம்பெனி செய்ததை மன்னிக்கச் சொல்லவில்லை, கண்ணா. பிரெட் மன்னித்தாரா இல்லையா என்பது அவர் பாடு. வாரியரின் முதல் தட்டை ஒருமுறை தேடிப் பார்த்துவிட்டு, பிரெட்டின் முதல் தட்டை மறுபடியும் போட்டுப் பார். அதற்குப் பிறகும் அவர் போயிருக்கக் கூடாது என்று தோன்றினால் ஞாயிற்றுக்கிழமை பேசு, உனக்கு லீவு, நானும் மதியம் தூங்கிவிட்டுக் கொஞ்சம் தாமதமாகவே படுக்கிறேன். குளிர் ஏறுகிறது என்றாயே, கம்பளிக் கோட்டின் கிழிந்த பையைத் தைத்துக்கொள்.

அன்புடன்,
அம்மா