பிக்கப் பலகை மாற்றுவதற்கு முன்

பட்டர்வொர்த்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. போனில் சொல்லலாம் என்றால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுகிறாய். இந்த வேலையில் அளவு தப்பினால் மரம் வீண். மரம் விற்கிற விலைக்கு அது வேண்டாம். அதனால்தான் எழுதுகிறேன். பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்.

உன் பிக்கப் வண்டித் தளத்தில் பின்பக்கத்து மூன்று பலகையை மாற்றினால் போதும் என்றாய். போதாது. நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். டிரைவர் பக்கச் சக்கரத்துக்கு மேலே உள்ள பலகையின் ஓரம் கறுத்திருக்கிறது. அது மேலிருந்து விழுந்த மழையால் வந்தது இல்லை. பலகையும் அடியில் இருக்கும் இரும்புக் குறுக்குச் சட்டமும் ஒட்டும் இடத்தில் தண்ணீர் நின்று கீழிருந்து ஊறியிருக்கிறது. ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படு. ஒவ்வொரு சட்டத்தின் ஓரமாகவும் பலகையைக் குத்திப் பார். முனை கால் அங்குலம் இறங்கினால் அந்தப் பலகை முடிந்தது. பாதி பழையது பாதி புதியது என்று போட்டால் கனம் ஒன்றாக இருக்காது, மேடு தட்டும், சாமான் இழுக்கும்போது அங்கேதான் இடிக்கும். மொத்தத் தளத்தையும் எடுத்துவிடு.

அந்தப் படத்தில் முன்மூலையில் மெத்தை சுருட்டி வைத்திருந்தது. பாப்பாவின் சைக்கிளும் இருந்தது. எல்லாவற்றையும் இறக்கினால்தானே வேலை செய்ய முடியும்? அதற்காகக் கேட்கிறேன், இறக்கி வைக்க உனக்கு இடம் இருக்கிறதா? மேலே கூரை இருக்கிற இடமா? செந்தூல் வீட்டு போர்ச்சில் செய்தால் நல்லது. பிளக் பாயின்டும் அங்கே பக்கத்திலேயே இருக்கிறது.

முதலில் பேட்டரி வயரைக் கழற்று. பெட்ரோல் தொட்டி, பிரேக் குழாய், பின்விளக்கு வயர் மூன்றும் தளத்துக்கு அடியில் எங்கே போகின்றன என்று பார்த்து, பக்கச் சட்டத்தில் சாக்பீஸால் குறித்துக்கொள். பழைய போல்ட் எதுவும் சுழலாது. முதல் நாள் ராத்திரியே துருவை இளக்கும் எண்ணெய் அடித்து வை. அப்படியும் வராததைக் கிரைண்டரால் தலையை வெட்டு. தொட்டி இருக்கும் பக்கம் மட்டும் கிரைண்டர் வேண்டாம், இரும்பு அறுக்கும் வாளால் கையாலேயே அறு. எண்ணெய் குடித்த பழைய மரத்தில் பொறி விழுந்தால் உடனே தெரியாது, உள்ளேயே கனிந்து வெகுநேரம் கழித்துத்தான் புகையும். ஒரு வாளித் தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். மூக்குக்கு மாஸ்க் போடு, பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கும். பாப்பாவை அந்தத் தூசிப் பக்கம் விடாதே. அவள் உன்னோடு இருக்கிற நாளில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதே.

பலகை எடுத்ததும் குறுக்குச் சட்டங்கள் தெரியும். ஐந்தையும் சுத்தியலால் தட்டிப் பார். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும். துரு தின்றது மொத்தென்று கேட்கும். மேல்தகடு மெலிந்து ஓட்டை விழுந்திருந்தால் அதன் மேல் பலகை போடுவதில் பயனில்லை, வெல்டிங் ஆளிடம் கொண்டுபோய் மாற்று. மற்றதைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, துரு மாற்றும் மருந்து அடித்து, காய்ந்ததும் ரெட் ஆக்சைடு அடிப்பூச்சு, அதற்கு மேல் பெயின்ட் இரண்டு கை. பிறகு ஒவ்வொரு சட்டத்தின் மேலும் ரப்பர் பட்டை ஒட்டு. பழைய டியூபை வெட்டி ஒட்டினாலும் போதும். மரம் இரும்பைத் தொடவே கூடாது. உன் அப்பா போட்ட தளம் இவ்வளவு காலம் தாங்கியது இந்தப் பட்டையால்தான். அது கிழிந்த இடத்தில்தான் இப்போது ஊறியிருக்கிறது.

மரத்துக்கு வருகிறேன். அப்பா போட்டது கெருயிங். லாரித் தளத்துக்கு அதுதான் ஏற்றது. கனத்தைத் தாங்கும், விலையும் கட்டுப்படியாகும். ஒரே தொல்லை அதன் பிசின். வெயில் ஏறினால் கசியும், வாளில் ஒட்டும். மண்ணெண்ணெயில் துடைத்துத் துடைத்து அறு. கெம்பாஸ் கெட்டி மரம்தான், ஆனால் அதில் அமிலத்தன்மை உண்டு, இரும்பை அரிக்கும். நடுவே கல் மாதிரி கோடு ஓடும் பலகை அந்தக் கோட்டிலேயே பிளக்கும். மெர்பாவ் மழையில் காப்பித் தண்ணீர் மாதிரி சாயம் விடும், இரும்பு பட்ட இடம் கறுத்துப்போகும். மெராந்தி வேண்டவே வேண்டாம், அது மேசை நாற்காலிக்கு. கடைக்காரர் செங்கால் தருகிறேன் என்றால் விலையைக் கேட்டுவிட்டு வந்துவிடு. இந்த வண்டிக்கு அது அதிகம். இப்போது உனக்குக் கையில் பணம் எப்படி இருக்கிறதோ.

வாங்கும்போது வைரம் பாய்ந்த பலகையாகப் பொறுக்கு. ஓரத்தில் வெளுத்த பகுதி இருந்தால் தள்ளிவிடு. அந்த வெளிமரத்தில்தான் வண்டு விழும். குண்டூசித் துளையும் மாவு போன்ற தூளும் தெரிந்தால் அந்த அடுக்கிலிருந்தே எடுக்காதே.

அளவு சொல்கிறேன். தளம் 7 அடி நீளம், 5 அடி அகலம். முன்னால், நடுவில், பின்னால் மூன்று இடத்திலும் அகலத்தை அள. மூலைக்கு மூலையும் அள. பழைய வண்டி எதுவும் சரியான சதுரத்தில் நிற்காது. 8 அடி நீளம், 6 அங்குல அகலம், 1 அங்குல கனத்தில் 12 பலகை வாங்கு. 11 போடுவதற்கு, ஒன்று கைகாவலுக்கு. மொத்தம் 4 கன அடி. அவர்கள் டன் கணக்கில் விலை சொல்வார்கள். 50 கன அடி ஒரு டன், அதை வைத்து நீயே கணக்குப் போட்டுக்கொள். 7 அடித் தளத்துக்கு எதற்கு 8 அடி என்று கேட்காதே. பலகை முனையில் எப்போதும் வெடிப்பு இருக்கும். இரண்டு பக்கமும் அரை அடி வெட்டித் தள்ளு.

இழைத்த பிறகு கனம் 22 மில்லிமீட்டர் நிற்கும். அகலத்தை 132 மில்லிக்கு அறு. தளத்தின் 5 அடி அகலம் 1,524 மில்லி, 11 பலகைக்கு 1,452 போனால் மீதி 72. பலகைக்கு நடுவே 10, இரண்டு ஓரத்திலும் ஒவ்வொன்று, ஆக 12 இடைவெளி, ஒவ்வொன்றும் 6 மில்லி. இப்படிப் பங்கு போடாமல் ஒரு பக்கத்திலிருந்து அடுக்கிக்கொண்டே போனால் கடைசியில் இரண்டு விரல் அகலத்தில் ஒரு துண்டு மிஞ்சும், அது போல்ட் அடிக்கும்போதே பிளக்கும். அளந்ததில் அகலம் முன்னே பின்னே இருந்தால் வித்தியாசத்தை இரண்டு ஓரப் பலகையில் மட்டும் எடு.

இந்த 6 மில்லி காய்ந்த மரத்துக்கான கணக்கு. ஆலையிலிருந்து ஈரமாக வந்தால் மரம் சுருங்கி இடைவெளி அகலும், ஈரத்திலேயே போல்ட் போட்டு இறுக்கினால் முனை வெடிக்கும். உடனே போடாதே. நிழலில் தரையைத் தொடாமல், இடையிடையே குச்சி வைத்து அடுக்கு. ஒரு துண்டை வாரா வாரம் தராசில் நிறு. எடை குறைவது நின்றால் மரம் தயார். ஏர்கான் அறைக்கென்று சூளையில் உலர்த்தியதை வாங்கி இடைவெளி இல்லாமல் நெருக்கிப் போட்டால் முதல் அடைமழைக்கு ஊதி நடுவில் தூக்கும். அடுக்கி வைக்க நிழல் வேண்டும், கூரை வேண்டும். திரும்பத் திரும்ப இதையே கேட்கிறேன் என்று நினைக்காதே. மலரிடம் கேட்கலாம் என்று போன் செய்தேன். அவளும் வண்டியைப் பற்றித் தனக்குத் தெரியாது என்றாள். குரல் சரியாக இல்லை. சளி என்றாள்.

போல்ட் கணக்கு. இரண்டு கடைசிச் சட்டத்திலும் பலகைக்கு இரண்டு, அது 44. நடு மூன்று சட்டத்தில் பலகைக்கு ஒன்று, இடம் வலமாக மாற்றி மாற்றி, அது 33. மொத்தம் 77, நீ 85 வாங்கு. உருண்டைத் தலையும் சதுரக் கழுத்தும் உள்ள போல்ட், 8 மில்லி, 40 நீளம், ஸ்டெயின்லெஸ் 304. பளபள என்று முலாம் பூசியது மலிவாகக் கிடைக்கும், நம் மழைக்கு அது நிற்காது. பலகை முனையிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளித் துளை போடு. தலை அமர 22 மில்லி அகலத்தில் 5 மில்லி ஆழம் குடை. அதற்கு மேல் குடைந்தால் அடியில் மரம் மிஞ்சாது. சதுரக் கழுத்தைச் சுத்தியலால் அடித்து இறக்காதே, கெருயிங் பிளந்துவிடும். உளியால் நான்கு மூலையையும் எடுத்துவிட்டு இறக்கு. சட்டத்து இரும்பில் துளை 10 மில்லி இருக்கட்டும், மரம் அசைய இடம் வேண்டும். அடியில் அகல வாஷர், நைலான் நட். ஸ்டெயின்லெஸ் நட்டை மெஷினால் வேகமாக முடுக்கினால் பாதியிலேயே கடித்துப் பிடித்துக்கொள்ளும், பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டும். மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவிக் கை ஸ்பேனரால் முடுக்கு.

பலகையைப் பொருத்துவதற்கு முன்பே ஆறு பக்கமும் எண்ணெய் ஏற வேண்டும். பொருத்திய பிறகு அடிப்பக்கத்துக்குத் தூரிகை போகாது. முதலில் தின்னர் துணியால் பிசினைத் துடை. வார்னிஷ் வேண்டாம், வெயிலில் உரியும், உரிந்த இடத்தில் தண்ணீர் புகுந்து உள்ளே நிற்கும். வெளித்தளத்துக்கென்று நிறம் கலந்து, பூஞ்சை மருந்தோடு விற்கிற எண்ணெய் வாங்கு. வெட்டிய முனைக்கும் போட்ட துளைக்கும் மூன்று கை. மரம் முனை வழியாகத்தான் அதிகம் குடிக்கும். முனையை மறந்துவிடாதே. எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகத் தீப்பிடிக்கும், தம்பி. பிரித்துக் கொடியில் காயப்போடு, இல்லை தண்ணீரில் ஊறப்போடு. வண்டிக்குள் வைக்காதே, அதுவும் ராத்திரியில் வைக்கவே வைக்காதே.

நடுக்கோட்டுக்கு நூல் கட்டி, நடுப்பலகையை முதலில் போட்டு இரண்டு பக்கமும் வா. இடைவெளிக்கு 6 மில்லி பிளைவுட் துண்டு செருகு. எல்லா போல்ட்டையும் கையால் மாட்டிய பிறகே நடுவிலிருந்து இறுக்கு. ஒரு மாதம் கழித்து எல்லாவற்றையும் மறுபடி இறுக்கு. முன்தகட்டின் அடியில் தண்ணீர் இறங்க வழி இருக்கிறதா பார். அதை அடைத்துவிட்டால் மறுபடி இதே கதைதான்.

கெருயிங் தளம் ஏறக்குறைய 55 கிலோ வரும். வண்டி இன்னும் சரக்குப் பதிவில் இருந்தால் கதவில் எழுதியிருக்கும் வெற்று எடையை மனதில் வைத்துக்கொள். தளத்தை அகலப்படுத்தவோ பக்கப் பலகையை உயர்த்தவோ சாலைப் போக்குவரத்து இலாகா, அதுதான் ஜேபிஜே, அனுமதி இல்லாமல் செய்யாதே, ஆறு மாத இன்ஸ்பெக்‌ஷனில் நிறுத்திவிடுவார்கள்.

உனக்குக் கை இருக்கிறது. நூல் பிடித்த மாதிரி வாள் ஓட்ட நம் பட்டறையில் உன்னை விட்டால் ஆளில்லை, அப்பா வாயாலேயே சொன்னது. அந்தக் கைக்கு ஒரு வரி எழுதத்தான் வலிக்கிறது. தீபாவளிக்கு வரவில்லை, வேலை என்றாய். சரி. தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் சாமான் இந்த வண்டியில்தான் ஏறும். உன் வண்டி வருகிறது என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். தளம் முடியாவிட்டாலும் நீ பஸ்ஸில் வா. உன் அறை அப்படியே இருக்கிறது. எத்தனை நாள் வேண்டுமானாலும் இரு, இங்கே யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். நானும் கேட்க மாட்டேன்.

சதுர மூலை எடுக்கிற உளி, பெரிய ரம்பம், துளை குடைகிற கருவி எல்லாம் நீலப் பெட்டியில் இருக்கிறது. சாணை பிடித்து வைத்திருக்கிறேன். மாமா வியாழக்கிழமை ரவாங் வருகிறார், அவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். எந்த முகவரிக்குக் கொண்டுவந்து தர வேண்டும் என்று எழுது. செந்தூல் என்றால் செந்தூல் என்று எழுது. வேறு இடம் என்றால் அதை எழுது, மாமாவிடம் முகவரி மட்டும்தான் சொல்வேன்.

அன்புடன்,
அம்மா